பழவேற்காட்டில் சிலுவையும் சிலுவை மறுப்பும்

கிறிஸ்தவருள்ளேயே சில பிரிவினர் சிலுவையைக் கைவிட்டுவிட்டனர். ஆகவே திருக்குர்ஆன் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் உரைத்ததை அவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டனர் என்னும் வாதம் நம்மவர் மேடைகளிலும் சமய ஒப்பாய்வுச் சிறு நூல்களிலும் அடிக்கடி எழுகிறது. அஹ்மத் தீதாத் அவர்களின் விவாத நூல்கள் பரவிய 1980களுக்குப் பின்னர் இந்த வாதத்திற்குத் தனி வேகம் கிடைத்தது. கேட்போருக்கு அது இனிக்கவும் செய்கிறது. ஆனால் அதன் முற்பகுதி மெய். பிற்பகுதி அதிலிருந்து பெறப்படாத முடிவு. சிலுவைச் சின்னத்தை விலக்குவது வேறு, சிலுவை நிகழ்ச்சியை மறுப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் அண்டை வீட்டாரின் நம்பிக்கையை நாம் தவறாகச் சித்திரிக்கிறோம் என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, நம் வேதம் எதை மறுக்கிறது என்பதையே நாம் மங்கலாக்கிவிடுகிறோம் என்பதாகும்.

இதனை ஆராய ரோமாபுரிக்கோ ஜெனீவாவுக்கோ போக வேண்டியதில்லை, பழவேற்காடு போதும். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று இதனைக் கூறுவர். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக் கடலிலிருந்து ஏரியைப் பிரித்து நிற்க, அதன் தென்கோடியில் மீனவர் குப்பங்கள் நெருங்கியுள்ளன. மரைக்காயர், லெப்பை மக்களின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று என்பதால் நமக்கு இவ்வூர் அயலானதன்று; இங்குள்ள பள்ளிவாசலொன்றின் சூரியக் கடிகாரத்தைக் காண வெளியூரார் இன்றும் வருகின்றனர். அதே ஊரில், போர்த்துக்கீசியர் கால்கொண்ட 1515ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொள்ளும் மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. ஏரியில் முறைவைத்து வலையிடும் பாட்டு உரிமையுடைய குப்பங்களுள் ஒன்றின் பெயரே நடுவூர் மாதா குப்பம். இவை சிலுவையும் சுரூபமும் தேரும் திருவிழாவும் உள்ள கத்தோலிக்கக் கிறிஸ்தவத்தின் அடையாளங்கள்.

சற்றுத் தொலைவில் கிடக்கிறது மற்றொரு கிறிஸ்தவம். 1610ஐ ஒட்டி ஒல்லாந்தர் இங்கே பண்டகசாலை அமைத்தனர்; 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமை இடம் இதுவே. கோட்டை இன்று புதர்மேடு. எஞ்சி நிற்பது இந்தியத் தொல்லியல் துறையின் காவலிலுள்ள கல்லறைத் தோட்டம். எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கு உள்ளன. நுழைவாயிலில் நம்மை எதிர்கொள்வது சிலுவையும் அன்று, வானதூதரும் அல்லர். கல்லில் வடித்த எலும்புக்கூடுகள்! உள்ளே கிடக்கும் பலகைக் கற்களில் மேலோங்கித் தெரிவன குடும்ப முத்திரைகள், தலைச்சீரா, மண்டையோடு, குறுக்கிட்ட எலும்புகள், இறந்தவரின் பதவியையும் நாளையும் கூறும் நீண்ட ஒல்லாந்த வாசகங்கள் ஆகியன. மரணத்தை நினைவூட்டுவதற்கு இக்கல்தச்சர்கள் மண்டையோட்டையே போதுமானதாகக் கருதினர். மண்ணறைகளைச் சென்று காணுங்கள், அவை மறுமையை நினைவூட்டும் என்ற பொருளிலமைந்த நபிமொழியை அறிந்த ஒருவருக்கு இந்த வாயில் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. உருவம் செதுக்கியதை மட்டும் அவர் ஏற்கமாட்டார்.

ஏன் அங்குச் சிலுவை மேலோங்கவில்லை? விடை, ஒல்லாந்தர் சார்ந்திருந்த கால்வினியச் சீர்திருத்த சபையின் கொள்கையில் உள்ளது. மோசே (அலை) அவர்களுக்கு அருளப்பட்டதாக விவிலியம் கூறும் பத்துக் கட்டளைகளைக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஒருவகையாக எண்ணுவர். சீர்திருத்த சபையார் வேறுவகையாக எண்ணுவர். முன்னவர், உருவம் செய்யாதே என்னும் விலக்கை முதற்கட்டளையின் ஒரு பகுதியாகக் கொண்டனர். பின்னவரோ அதனைத் தனியே பிரித்து இரண்டாம் கட்டளையாக நிறுத்தினர். எண்ணிக்கை வேறுபாடுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் தனிக் கட்டளையானதும் அதற்குத் தனி வலிமை வந்துவிட்டது. 1563இல் வெளிவந்து ஒல்லாந்தச் சபைகளில் பாடமாக ஓதப்பட்ட ஹைடல்பர்க் ஞானோபதேசம், எழுத்தறியாத பாமரருக்கு உருவங்கள் புத்தகம் போல உதவும் என்ற பழைய சமாதானத்தையும் தள்ளிவிட்டது. ஆலயத்தில் போதிக்க வேண்டியது இறைவசனமே, ஊமை உருவம் அன்று என்பது அதன் நிலை. ஆகவே வெள்ளையடித்த சுவர், நடுவே பிரசங்க மேடை, மேடைமேல் வேதம் என்பதே அவர்களின் ஆலய அமைப்பாயிற்று. ஆனால் அந்த மேடையிலிருந்து ஞாயிறுதோறும் பிரசங்கிக்கப்பட்டது என்ன? ஈஸா (அலை) சிலுவையில் மாண்டார், அம்மரணமே மீட்பு என்பதுதான். சிலுவையைச் சுவரிலிருந்து இறக்கியவர்கள் நெஞ்சிலிருந்து இறக்கவில்லை. சிலுவைக் கொள்கை அவர்களிடத்தில் முன்னிலும் இறுகியது என்றே கூறலாம்.

புராட்டஸ்டண்டுகள் எல்லாரும் சிலுவையை வெறுத்தவர்கள் என்ற பொதுக்கூற்றும் பிழையே. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தரன் சபையார். அச்சபை சிலுவையையும் பாடுபட்ட சுரூபத்தையும் ஒதுக்கவில்லை. 1947இல் ஒன்றிணைந்த தென்னிந்தியத் திருச்சபையில் பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் பிரிவினரும் கலந்துள்ளனர். அவர்தம் முன்னோர் சிலுவையை ஐயத்தோடு நோக்கிய மரபினர். ஆனால் ஒன்றிணைந்த திருச்சபையின் சின்னமோ தாமரையோடு கூடிய சிலுவை!

இன்னும் பின்னோக்கினால் இவ்வழக்கின் தொன்மை விளங்கும். முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவர் சிலுவையைச் சித்திரிப்பது அரிது. அது அன்று கொடுங்குற்றவாளிகளைக் கொல்லும் கருவி; தூக்குமேடையை யார் வீட்டுச் சுவரில் வரைவர்? அவர்கள் விரும்பி வரைந்தவற்றுள் மீனும் நங்கூரமும் உண்டு. (பழவேற்காட்டு மீனவர் மறுக்கவே முடியாத சின்னம் மீனாகத்தான் இருந்திருக்கும்.) நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் அதனை வெற்றிச் சின்னமாக்கிய பின்னரே சிலுவை அரண்மனை ஏறியது. ஒன்பதாம் நூற்றாண்டில் தூரின் நகர ஆயர் கிளாடியஸ் தம் மறைமாவட்டத்துச் சிலுவைகளை அகற்றினார். அவர் தொங்கியதால் மரத்தை வணங்குவதானால், அவர் ஏறி வந்த கழுதையையும் வணங்க வேண்டுமே என்பது அவர் எழுப்பிய வினா. இதற்கு நேர்மாறானதொரு செய்தியும் உண்டு. பைசாந்தியத்தில் 726 முதல் 843 வரை இடையிட்டு நடந்த உருவ எதிர்ப்புக் காலத்தில், திருவுருவங்களை அழித்தவர்களே சிலுவையைப் போற்றினர்; உருவம் இருந்த இடத்தில் வெறுஞ்சிலுவையை வைத்தனர். கான்ஸ்டான்டிநோபிளின் ஹகியா ஐரீனில் அத்தகையதொரு சிலுவையை இன்றும் காணலாம். உருவத்தை வெறுப்பவர் சிலுவையையும் வெறுப்பர் என்ற எளிய சூத்திரம் இங்கே உடைந்து போகிறது.

நாணயங்களின் கதை இன்னும் சுவையானது. உமய்யாக் கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-697) எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிடுவதற்கு முன்னர், பைசாந்தியப் பொற்காசின் சாயலிலேயே காசுகள் அடிக்கப்பட்டன. அக்காசில் படிகளின்மேல் நின்ற சிலுவையின் குறுக்குக் கை நீக்கப்பட்டு நெடுங்கம்பம் மட்டும் விடப்பட்டது. சின்னத்தைக் குறித்த மனச்சான்று சந்தைக்குள்ளும் சென்றதற்கு இது சான்று. பழவேற்காட்டு எசமானர்களின் மனச்சான்றோ கோயில் வாசலோடு நின்றது. சிலுவைக்கும் சுரூபத்துக்கும் தம் ஆலயத்தில் இடமளிக்காத ஒல்லாந்தக் கம்பெனி, சோழமண்டலக் கரையில் அடித்த பொன் வராகன்களில் இந்துத் தெய்வ உருவத்தைத் தயக்கமின்றிப் பொறித்தது. வணிகருக்கு அந்த வராகனே பழக்கம். ஆகவே கட்டளை கல்லாப்பெட்டிக்குப் பொருந்தவில்லை! 1632 முதல் 1642 வரை இங்கே போதகராயிருந்த அபிரகாம் ரொகேரியஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து இந்துச் சமயம் பற்றி எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1651இல் வெளிவந்தது. அத்துறையில் ஐரோப்பியர் எழுதிய தொடக்கக்கால நூல்களுள் மதிக்கத்தக்கது. அக்கறையோடு கேட்டறிந்த மனிதர் அவர். ஆனால் அதே நூற்றாண்டில் அதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். மரத்துண்டை வணங்குவது பாவமா என்று நுணுகி ஆராய்ந்த சபை, மனிதரை விற்பது பற்றி அத்துணை நுணுக்கம் காட்டவில்லை.

தெற்கே அவர்களின் சமயம் மீனவரிடம் பட்ட பாட்டையும் கூறவேண்டும். 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமானபோது, பால்டேயுஸ் போன்ற போதகர்கள் பரதவரைச் சீர்திருத்த சபைக்கு ஈர்க்க முயன்றனர். பரதவர் அசையவில்லை, தம் மாதாவையும் சிலுவையையும் விடாது கத்தோலிக்கராகவே நீடித்தனர். அரசும் வணிகமும் கையிலிருந்தும் சொல்லை மட்டும் நம்பிய சமயம் கடற்கரையில் வேரூன்றவில்லை. அலைக்குள் இறங்குபவனுக்குக் கண்ணால் காணவும் கையால் தொடவும் ஒன்று வேண்டியிருக்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது பாதி விளக்கமே என்பது என் கருத்து. சாதி அமைப்போடும் பாட்டன் காலத்து உரிமைகளோடும் பின்னிவிட்ட சமயத்தைப் பிரசங்கத்தால் மட்டும் அவிழ்க்க இயலாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். பிரதரன் சபைகளிலும் பல பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஜெபக்கூடச் சுவரில் சிலுவைக்குப் பதிலாக ஒரு வேதவசனமே எழுதப்பட்டிருக்கும். கால்வினியர் கூறிய காரணம்தான் அங்கும் பெரும்பாலும் கூறப்படும். மார்மன் சபையார் தம் ஆலயங்களில் சிலுவை வைப்பதில்லை. மரித்த கிறிஸ்துவையல்ல, உயிரோடிருக்கும் கிறிஸ்துவையே அறிவிக்கிறோம் என்பர். இவர்களினும் ஒருபடி மேலே செல்பவர்கள் யெகோவாவின் சாட்சிகள். அவர்களின் காவற்கோபுரம் இதழின் அட்டையில் 1931வரை கிரீடத்தோடு கூடிய சிலுவை அச்சாகி வந்தது. அதன்பின் அது மறைந்தது. 1936இல் இன்னும் முன்னேறி, ஈஸா (அலை) அறையப்பட்டது குறுக்குச் சட்டமுள்ள சிலுவையிலன்று, நிமிர்ந்த ஒற்றை மரத்தில் என்று எழுதினர். கிரேக்க மூலத்திலுள்ள 'ஸ்டாவ்ரோஸ்' என்ற சொல்லுக்கு நட்ட கம்பம் என்பது பழம்பொருள் என்பது அவர்களின் ஆதாரம். பழம்பொருள் அதுவே, ஆயினும் ரோமர் காலத்தில் அச்சொல் குறுக்குச் சட்டமுள்ள கருவியையும் குறித்தது என்பது பெரும்பாலான அறிஞர் முடிபு. எங்ஙனமாயினும், மரத்தின் வடிவத்தில்தான் அவர்களின் தகராறு, மரணத்தில் அன்று. ஆண்டுதோறும் நிசான் மாதம் பதினான்காம் நாளில் அம்மரணத்தையே அவர்கள் நினைவுகூர்கின்றனர்.

சின்னத்துக்குப் பக்தி செலுத்தோம் என்ற இவர்களின் பிடிவாதம் நம் நாட்டுச் சட்ட வரலாற்றிலும் தடம் பதித்தது. தேசிய கீதத்தின்போது மரியாதையோடு எழுந்து நின்றும் பாட மறுத்த கேரளச் சாட்சிக் குடும்பக் குழந்தைகள் மூவர் 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் சமய உரிமையை நிலைநாட்டியது. வந்தே மாதரம் பற்றிய வழக்காடல்களில் நம்மவர் இத்தீர்ப்பை நன்றியோடு எடுத்துக்காட்டுவதுண்டு. எடுத்துக்காட்டுபவர்கள், அதனைப் பெற்றுத்தந்தவர்களின் நம்பிக்கையைச் செம்மையாக அறிந்துவைப்பது கடமையல்லவா?

இஸ்லாத்தின் நிலையில் இரண்டு மறுப்புகள் இருக்கின்றன. கழுத்தில் பொற்சிலுவையோடு வந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் அச்சிலையை எறியுமாறு இறைத்தூதர் (ஸல்) கூறியதாகத் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு; அதனைக் 'கரீப்' என்றே திர்மிதீ குறிக்கிறார். சிலுவை வடிவம் பொறித்த எதனையும் தம் இல்லத்தில் நபியவர்கள் விட்டுவைத்ததில்லை என்ற ஆயிஷா (ரலி) அவர்களின் செய்தி புகாரீயில் இருக்கிறது. இவை சின்னத்தைப் பற்றியவை. கால்வினியரின் கவலையோடு ஓரளவு ஒப்பிடத்தக்கவை. நிஸா அத்தியாயத்தின் 157ஆம் வசனமோ நிகழ்ச்சியையே மறுக்கிறது. இங்கே கால்வினியரோ சாட்சிகளோ நம்மோடு ஓரடிகூட வருவதில்லை. பிறையைப் பள்ளிவாசல் கோபுரத்தில் ஏற்றுவதற்கு வேத ஆதாரம் உண்டா என்று நம்முள் கேட்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ரமளான் பிறையை மறுக்கிறார்கள் என்று ஒரு கிறிஸ்தவ நண்பர் எழுதினால் நாம் என்ன சொல்வோம்?

சொல் வரலாறு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. தமிழ்ச் 'சிலுவை' சிரியாக் மொழியின் 'ஸ்லீபா'விலிருந்து வந்தது. அரபியின் 'ஸலீப்' அதன் உடன்பிறப்பு. போர்த்துக்கீசியர் தந்த 'குருசு' கடற்கரைக் குருசடிகளில் தங்கிவிட்டது. சாட்சிகளோ இரண்டையும் விடுத்து முன்னர்க் 'கழுமரம்' என்றும் பின்னர்ச் 'சித்திரவதைக் கம்பம்' என்றும் தமிழில் எழுதலாயினர். இப்போது நம் தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்பொன்றை ஒரு சாட்சி கையிலெடுத்து அந்த 157ஆம் வசனத்தைப் படிப்பதாகக் கொள்வோம். சிலுவையில் அறையவில்லை என்ற பகுதிக்கு அவர் தலையசைக்கக்கூடும், அது சிலுவையே அன்று என்பதுதானே அவர் கட்சி! ஆனால் அதற்கு முன்னுள்ள, அவர்கள் அவரைக் கொல்லவில்லை என்ற மறுப்பில் அவர் நின்றுவிடுவார். மகிமை மாதா ஆலயத்து மீனவரும், கல்லறைத் தோட்டத்து ஒல்லாந்தரும் நிற்கும் அதே இடத்தில்.