சப்பிரகமுவத் தோட்டங்களில் ஆரம்பக் கல்வி: ஒரு திறனாய்வு

இலங்கைத் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நுவரெலியாவையும் ஹற்றனையும் கண்முன் வைத்தே எழுதுவர். தேயிலை மலைக்குப் பொருந்துவது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கும் பொருந்தும் என்பது அவர்தம் எண்ணம் போலும். நுவரெலியா மாவட்டத்தில் மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். சப்பிரகமுவவிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தேயிலையோடு இறப்பரும் இங்குப் பெரும்பயிர். இவ்விரு வேறுபாடுகளும் ஆறு வயதுப் பிள்ளையின் படிப்பை எவ்வாறு தாக்குகின்றன என்பது தனித்து ஆராயத் தக்கது.

முதற்கண் சட்டத்தை நோக்குதல் தகும். 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியும் அதற்கோர் அறையும் அளிக்கும் கடமையைத் தோட்டத்துரைமீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்திற்று. பத்து வயதில் நிறுத்தப்பட்ட பிள்ளை அடுத்துச் செல்லும் இடம் அரைப் பேர்க் கூலி என்பதைச் சட்டம் வகுத்தோர் அறியாதிருந்திரார். பள்ளிக்கூடத்தை நடத்துபவரும் அப்பிள்ளையின் உழைப்பை எதிர்நோக்குபவரும் ஒருவரே ஆயினர். இம்முரண்பாடு எளிதில் நீங்கவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பள்ளிகளோ 1970களின் பிற்பகுதி வரை பெரும்பாலும் புறத்தே நின்றன.

அதற்குள் பள்ளிகள் மெலியலாயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் கப்பலேறின. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் எஞ்சியோரிற் பலரை வேறிடம் துரத்தின. பிள்ளைத்தொகை குறையவே ஆசிரியர் தொகையும் குறைந்தது. தோட்டக் கல்வியை அரசியற் பொருளாதார நோக்கில் ஆராய்ந்து ஆஞ்சலா லிற்றில் 1999இல் வெளியிட்ட நூல், கல்வி தோட்டத்தை எவ்வாறு வந்தடைந்தது என்பதைத் தெளிவுற உணர்த்துகின்றது. வந்தடைந்த கல்வி முதலாம் வகுப்பில் யாது செய்கின்றது என்பது வேறொரு வினா.

அவ்வினாவுக்கு ஒரு சொல்லே சான்றாகும். ‘பால்’ என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் பசுவைக் காட்டுவர். இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கோ பால் என்பது தாய் அதிகாலையில் வெட்டச் செல்வது, சிரட்டையில் வடிவது, வாளியிற் சுமந்து நிறுக்கப்படுவது. மழை பெய்தால் பால் இல்லை. பால் இல்லையெனில் கூலியும் ஐயமே. இவ்வளவும் அறிந்த பிள்ளையை ஒன்றும் அறியாததாகக் கொண்டு பாடம் தொடங்குகின்றது. தோட்டப் பேச்சைத் திருத்திய பின்னரே எழுத்தறிவிக்க வேண்டும் என்பாரும் உளர். அது பொருந்தாது. பிள்ளைக் காம்பராவிலும் லயத்து முற்றத்திலும் பெற்ற மொழியே அப்பிள்ளையின் கைம்முதல். அதனைப் பறித்துவிட்டு வேறெதனைக் கொண்டு வாசிக்கச் சொல்வது? செந்தமிழ் வேண்டாம் என்பதன்று கருத்து. அது மூன்றாம் வகுப்பிலும் வரலாம்.

இனி, அண்மையிலுள்ள சிங்களப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரை மொழிப்பற்றற்றவர் எனப் பழிப்பது நகரத்து மேடைகளில் எளிது. கீழ்வகுப்புகளோடு நின்றுவிடும் தமிழ்ப் பள்ளியில் பயின்ற பிள்ளை, மேற்படிப்புக்கு இறக்குவானைக்கோ எட்டியாந்தோட்டைக்கோ பேருந்தேற வேண்டியிருந்தால், அப்பெற்றோர் தெரிவது மொழியையன்று, தூரத்தையே. ஆயினும் இழப்பு இழப்பே. சிங்களத்தில் எழுதி வரும் பாடத்தைத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த தாய் இரவில் பார்த்துக் கொடுத்தல் இயலாது.

1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு வகுப்புகளில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் அளித்தது. கொள்கையளவில் தோட்டப் பிள்ளைக்கு இதனினும் நன்று வேறில்லை. ஆனால் அது வகுப்புக்கு ஓர் ஆசிரியரையும் ஓடியாட ஓர் இடத்தையும் வேண்டி நிற்பது. மூன்று வகுப்புகளை ஒரே கரும்பலகையின் முன் வைத்திருக்கும் ஆசிரியர், புலமைப் பரிசில் தேர்வு நெருங்கும் ஐந்தாம் வகுப்பின் பக்கமே திரும்புவார். முதலாம் வகுப்போ அன்று முழுவதும் ‘அ’னாவைப் பார்த்தெழுதிக் கொண்டிருக்கும்.