ஆக்சிஜன்: பெயரில் தங்கிவிட்ட பிழை

ஆக்சிஜன் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று ஒரு மாணவரைக் கேட்டுப் பாருங்கள். 'பிராணவாயு' என்று உடனே விடை வரும். அது பொருள் அன்று, வேறொரு பெயர். ஆக்சிஜன் என்ற சொல்லுக்கும் பிராணனுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கிரேக்க மொழியில் 'ஆக்சிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு என்று பொருள். எனவே ஆக்சிஜன் என்பதற்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்பதே பொருளாகும்.

இப்பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர். அவரும் மூன்று தோழர்களும் 1787இல் வெளியிட்ட வேதியியல் பெயரிடுமுறை நூல் இதை நிலைநிறுத்தியது. கந்தகமும் பாஸ்பரசும் காற்றில் எரிந்தால் கிடைக்கும் பொருள்கள் நீரில் கரைந்து அமிலமாகின்றன. ஆகவே எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்று லவாய்சியர் முடிவு செய்தார். சில சான்றுகளைக் கொண்டு பொதுவிதி வகுத்ததில்தான் தவறு நேர்ந்தது.

இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி இவ்விதியைத் தகர்த்தார். 1808இல் அவர் கால்சியம் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சுட்ட சுண்ணாம்பு கால்சியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் என்பது உறுதியாயிற்று. ஆனால் சுண்ணாம்பு அமிலமா? இல்லை, அதற்கு நேர்மாறான காரம். 1810இல், குளோரின் ஒரு தனிமம் என்று அவர் அறிவித்தார். அப்படியானால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருப்பவை ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே. ஆக்சிஜன் இம்மியளவும் இல்லை. நீரில் கரைந்த அமிலங்களின் புளிப்புக்குக் காரணம் ஹைட்ரஜன் அயனியே என்று பின்னர் தெளிவாயிற்று. 'அமிலத்தை உண்டாக்குவது' என்ற பட்டம் நியாயமாக ஹைட்ரஜனுக்கே உரியது!

சரி, நம் பெயர்கள் குற்றமற்றவையா? பிராணவாயு, உயிர்வளி என்கிறோம். மூச்சுக்கு இது இன்றியமையாதது என்பது உண்மைதான். ஆனால் ரணஜன்னியை உண்டாக்கும் கிருமி ஆக்சிஜன் உள்ள இடத்தில் பெருக முடியாது. அதற்கு இது பிராணவாயு அன்று. வாயு என்பதும் முழு உண்மையன்று. நீரின் எடையில் 89 சதவீதமும், பூமியின் மேலோட்டின் எடையில் ஏறத்தாழ 46 சதவீதமும் ஆக்சிஜனே. நாம் குடிக்கும் நீரிலும் மிதிக்கும் கல்லிலும் உள்ளதை வாயு என்று எப்படி அழைப்பது?

ஆகவே என் கருத்து இது: மருத்துவமனை உருளையில் அடைத்த வாயுவைப் பிராணவாயு என்பதில் தடையில்லை. தனிமத்தைக் குறிக்கும்போது ஆக்சிஜன் என்பதே தக்கது. அதன் பொருள் பிழையானதுதான். எனினும் உலகெங்கும் வழங்கும் பெயரை மாற்ற வேண்டுவதில்லை. அப்பிழையை மறைக்காமல் மாணவருக்குச் சொல்ல வேண்டும். பெயர், குறியீடு, அணு எண் என்று மூன்று வரிகளை மனப்பாடம் செய்வித்து அடுத்த தனிமத்திற்குத் தாவும் பாடநூல், அறிவியலின் முடிவுகளைத் தருகிறது. அம்முடிவுகள் எவ்வாறு சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன என்பதைத் தருவதில்லை. லவாய்சியர் போன்ற மேதையின் விதியையும் ஒரு சோதனை வீழ்த்த முடியும் என்று அறிந்த மாணவர், நாளை எந்த விதியையும் சான்று கேட்டே ஏற்பார்.

அடுத்த முறை ஒரு கலைச்சொல்லைப் படிக்கும்போது, அது எதைக் குறிக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அப்பெயர் ஏன் வந்தது, அக்காரணம் இன்றும் பொருந்துமா என்றும் கேளுங்கள்.