லிஃப்டைத் திறக்கலாமா?

நகரி பக்கம் கடலைக்காய்க்கு டிராக்டர் ஓட்டும்போது, கொல்லைக் கோடியில் கலப்பை மண்ணைவிட்டு எழ மறுத்தால் எல்லார் கண்ணும் டிரைவர் சீட்டுக்கு அடியில் போகும். கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் அங்கேதான் இருக்கிறது. இந்த லிஃப்டோடு கூடிய ஹாரி ஃபெர்குசனின் மூன்று முனை இணைப்பு 1939இல் ஃபோர்டு டிராக்டரில் ஏறி, பிறகு மாஸி ஃபெர்குசனாக நம் செம்மண்ணுக்கும் வந்து சேர்ந்தது.

புத்தூர், திருப்பதிப் பட்டறைகளில் எனக்குப் பிடித்தது, மேஸ்திரி ஸ்பானரை எடுக்குமுன் செலவிடும் ஐந்து நிமிஷம். குச்சியை உருவி, ஆயிலை விரலிடையில் தேய்த்துப் பார்ப்பார். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கலப்பையைத் தூக்கி, இன்ஜினை அணைத்து, ஒரு பீடி பற்றவைப்பார். பீடி முடியுமுன் கலப்பை தரைக்கு வந்துவிட்டால் உள்ளே சீலோ வால்வோ கசிகிறது. தூக்கவே இல்லையென்றால் ஃபில்டர் அடைப்பு, இல்லாவிட்டால் பம்பு. அதற்கு எந்த மீட்டரும் வேண்டாம், பீடி வேண்டும்.

ஆயில், ஃபில்டர், டிரெய்லருக்குப் போகும் ஹோஸ் எல்லாம் நானே மாற்றுவேன். கசிவைத் தேட அட்டைதான், விரல் அல்ல: அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலுக்குள்ளேயே புகுந்துவிடும். தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் தலையைக் கொடுப்பதும் இல்லை.

லிஃப்டின் மூடியை மட்டும் ஒருமுறை திறந்தேன். செயின் பிளாக் கட்டி இறக்கி, புது ஓ-ரிங் போட்டு, பெருமையாக மூடினேன். ரிங் முறுக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆயிலையெல்லாம் வடித்து மறுபடி பிரித்தபோது, மேஸ்திரி சிரிக்கவில்லை. பீடிதான் பற்றவைத்தார்.