சிலந்தி மனிதனின் மௌனம்

1962ஆம் ஆண்டில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த சிலந்தி மனிதன், பிற சித்திரக்கதை வீரர்களினின்று வேறுபடுவது ஆற்றலால் அன்று, குற்ற உணர்வால். தப்பியோடிய திருடனைத் தடுக்க வல்லவனாயிருந்தும், தனக்கென்ன என்று விலகி நின்றான் பீட்டர் பார்க்கர் என்னும் அவ்விளைஞன். அதே திருடன் பின்னர், அவனை வளர்த்த பென் பெரியப்பாவைக் கொன்றான். திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு கடமையில் தவறியதையும் நாம் அறிக்கையிடுகிறோம். நாவால் சொல்லி மனத்தால் கடந்துவிடும் அந்த நான்காவதே இக்கதையின் வித்து.

சாம் ரெய்மி இயக்கி 2004இல் வெளிவந்த இரண்டாம் திரைப்படம் இவ்வித்தை நன்கு வளர்த்தெடுக்கிறது. தான் யார், ஏன் வாக்குத் தவறுகிறான் என எவருக்கும் பீட்டர் விளக்குவதில்லை. பேராசிரியர் கடிந்துகொள்கிறார், பீட்சா கொண்டுசேர்க்கும் வேலை போகிறது, நேசிக்கும் பெண் விலகுகிறாள். தன்மீது ஐயம் முற்றவே ஆற்றலும் குன்றுகிறது. சுவரில் இறங்க இயலாமல் மின்தூக்கியை நாடியவன், உடன் நிற்கும் முன்பின் அறியாதவனிடம் தன் உடை அரிப்பதாகக் கூறுகிறான். நகைச்சுவைக் காட்சிதான், ஆயினும், அயலானிடம் எளிதில் வாய்திறப்பவன் வீட்டில் ஊமையாவது நாம் காணாததா?

இம்மௌனத்தை மாற்கு நற்செய்தியின் மெசியா இரகசியத்தோடு ஒப்பிடத் தோன்றலாம். தம்மைப்பற்றி எவரிடமும் சொல்லலாகாது என்று இயேசு சீடரைப் பணித்தார் (மாற் 8:30). பிலாத்தின் முன் மறுமொழி கூறாது நின்றார் (15:5). ஆனால் அம்மௌனத்தில் மறைப்பதற்குக் குற்றம் ஏதுமில்லை. பீட்டரின் மௌனமோ ஈரிழையால் ஆனது. அன்பரைப் பகைவரிடமிருந்து காக்கும் மறைப்பு ஒன்று, வெட்கம் மற்றொன்று. முன்னது பின்னதற்குப் போர்வையாகிவிடுகிறது.

படம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் இடம் ஒன்றுண்டு. பெரியப்பாவின் கல்லறையைக் கண்டு திரும்பியபின், மேசையருகே அமர்ந்த மே பெரியம்மா, அன்று கணவரைத் தடுத்திருக்கலாமே என்று தம்மையே நொந்துகொள்கிறார். அவன் சுமக்க வேண்டிய பழியைக் குற்றமற்ற மூதாட்டி சுமக்கிறார். இதற்குமேல் வாய்மூடியிருப்பது தாழ்ச்சியன்று, அநீதி. பீட்டர் பேசுகிறான். திருடனைத் தடுக்காமல் விட்டதைச் சொல்கிறான். முகமூடியைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பாவத்தை அறிக்கையிடுகிறான், பெருமையை அல்ல. பெரியம்மா அவன் பற்றியிருந்த கையை விடுவித்துக்கொண்டு, மௌனமாக மாடியேறிச் செல்கிறார்.

மன்னிப்பை அங்கேயே வழங்கிவிடாதது இயக்குநரின் துணிவு. ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவின் வாய்மொழியால் அப்போதே மன்னிப்புக் கிட்டுகிறது. காயப்பட்ட மனிதரிடமோ காத்திருக்க வேண்டியுள்ளது. பின்னர், வீட்டை இழந்து பொருள்களைக் கட்டிவைக்கும் வேளையில் அவர் மன்னிக்கிறார். வீரரைப்பற்றி நெடிய உரையொன்றும் ஆற்றுகிறார். அவ்வுரை எனக்கு மிகையாகவே படுகிறது. விடுவித்துக்கொண்ட அந்தக் கை சொன்னதைவிட அது அதிகமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

அதன்பின் வரும் இரயில் காட்சியில் இம்மிகை இல்லை. ஓடும் வண்டியைத் தன் உடலால் நிறுத்தி மயங்கிச் சாய்ந்தவனின் திறந்த முகத்தைப் பயணிகள் பார்க்கின்றனர். இவ்வளவு இளையவனா என்று வியக்கின்றனர். ஒருவரும் பெயர் கேட்கவில்லை. சிறுவர் இருவர் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கின்றனர்.