நாளைய வரைபடத்தில் பெரும்பாக்கம் எங்கே?

2100ஆம் ஆண்டில் உலக மக்கள்தொகை சுமார் 700 கோடியாக இருக்கலாம். 1,260 கோடியாகவும் இருக்கலாம். காலநிலை ஆய்வாளர்கள் கையாளும் ஐந்து வளர்ச்சிப் பாதைகளில் முதலாவதும் மூன்றாவதும் தரும் கணக்கு இது. கல்வியும் நலவாழ்வும் எல்லோரையும் எட்டும் உலகில் பிறப்பு குறைகிறது. நாடுகள் கதவடைத்துக்கொள்ளும் உலகில் கூடுகிறது. முதல் பாதையில் 92 விழுக்காட்டினர் நகரவாசிகள். மூன்றாவதில் 60 விழுக்காட்டினர்தான்.

2016இல் பிரையன் ஜோன்ஸ், பிரையன் ஓநீல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த எண்களை நிலத்தில் இறக்கினர். உலகைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வாழ்வார்கள் என்று கணித்தனர். அடிப்படை, ஈர்ப்பு விதி: ஆள் மிகுந்த இடம் மேலும் ஆளை இழுக்கும், தொலைவு கூடினால் இழுப்பு குறையும்.

இம்முறையின் வலிமை பெரிது. வெள்ளமோ வெப்பமோ யாரைத் தாக்கும் என்றறிய நாட்டின் மொத்தத் தொகை உதவாது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது வேண்டும். ஒரே எண்ணைச் சொல்லாமல் ஐந்து உலகங்களைக் காட்டுவதால், எதிர்காலம் நம் கொள்கைகளின் விளைவு என்பதும் விளங்குகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. அந்தக் கணக்கில் காலநிலையின் தாக்கமே சேர்க்கப்படவில்லை. உலக வங்கியின் 2018ஆம் ஆண்டு அறிக்கை நீர்வளம், விளைச்சல், கடல்மட்ட உயர்வு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தது. சென்னை, மும்பை, டாக்கா போன்ற கரையோர நகரங்களிலிருந்து மக்கள் வெளியேறக்கூடும் என்றும், சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்துக்குப் பலர் வந்துசேரக்கூடும் என்றும் அது கண்டது.

அடுத்தது, கட்டத்தின் அளவு. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதைச் சுற்றிய அடுக்குமாடிகளும் அதற்குள் ஒன்றாகிவிடும். பிறகு இக்கட்டங்கள் ஒரு கிலோமீட்டர் அளவுக்கும் பிரிக்கப்பட்டன. பழைய தொகைதான் பங்கிடப்பட்டது, புதிய செய்தி எதுவும் சேரவில்லை. அடித்தளமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பழசு: 2021இல் இந்தியாவில் நடக்க வேண்டியது நடக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, மனிதர் இடம்மாறும் விதம் விதியில் இல்லாததே. முன்னே போன உறவினரும் ஆள் சேர்க்கும் மேஸ்திரியும் காட்டும் வழியில் பலர் போகிறார்கள். சிலரை அரசே பெயர்க்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல, சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. எந்த ஈர்ப்பு விதியும் அவர்களை அங்கே இழுக்கவில்லை. ஓர் ஆணை கொண்டுபோய் விட்டது.

ஆகவே, பாதைகளை ஒப்பிடவும் அபாயத்தின் திசையறியவும் இக்கணிப்பு நல்ல கருவி. பள்ளியும் மருத்துவமனையும் எங்கே கட்டுவது என்று தீர்மானிக்க அது போதாது. அதற்கு வார்டு அளவிலான கணக்கு வேண்டும். தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கும் என்றறிந்த மக்களின் சொல்லும் வேண்டும். திட்டமிடுவோர் வரைபடத்தை விரிக்கும் முன் அவர்களிடம் கேட்கட்டும்.