தூர்வாரவும் நிதி வேண்டும்

2019 ஏப்ரல் 10 அன்று, எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் கருந்துளையின் படம் வெளியானது. அந்தப் படத்தை எடுத்த கூட்டுமுயற்சிக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை மொத்தம் 2 கோடியே 80 லட்சம் டாலர் தந்திருந்தது. தரவைப் படமாக்கிய நிரல்கள் நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் மேல் எழுதப்பட்டவை. படம் வெளியான சில நாட்களிலேயே, இத்தகைய மென்பொருள்களைப் பேணுவதற்காக அதே அறக்கட்டளைக்குப் போயிருந்த ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இதற்கு யாருடைய வஞ்சமும் காரணமல்ல. கண்டுபிடிப்புக்கென வகுத்த விதிகளைக் கொண்டு பராமரிப்பை அளந்தால் விடை இப்படித்தான் வரும். ஆகவே அறிவியல் மென்பொருளுக்கு நிதி தரும் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். எந்த வேலைக்குத் தருகிறார்கள்? எத்தனை காலத்துக்கு? வேலை செய்கிறவர் கைக்கு அது போய்ச் சேருகிறதா?

முதலில், அந்த வேலை எது என்று பார்த்துவிட வேண்டும். நம்பையின் முதல் முழுப் பதிப்பு 2006இல் வந்தது. அதற்கென்றே நேரடி நிதி முதன்முதலாகக் கிடைத்தது 2017இல், மூர், ஸ்லோன் என்ற இரு தனியார் அறக்கட்டளைகளிடமிருந்து. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் அதைப் பெரும்பாலும் தாங்கியவை தன்னார்வலர்களின் இரவுகளும் விடுமுறை நாட்களும்தான். பைத்தான் மொழியின் புதிய பதிப்பு வந்தால் பழைய நிரல் ஓடுகிறதா என்று பார்ப்பது, முகம் தெரியாதவர் அனுப்பிய பிழை அறிக்கைக்குப் பதில் எழுதுவது, ஆவணங்களைத் திருத்துவது ஆகியவையே அந்த வேலை. இவற்றில் எதிலிருந்தும் ஆய்வுக் கட்டுரை பிறக்காது. பதவி உயர்வும் வராது. ஆனால் ஓராண்டு செய்யாமல் விட்டால், தூர்ந்த ஏரியில் தண்ணீர் தங்காததுபோல, மென்பொருளும் பயனற்றுப்போகும். மேட்பிளாட்லிப்பைத் தொடங்கியவர் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்க்கத் தமக்கு ஒரு கருவி தேவைப்பட்டதால் அதை எழுதினார். 2012இல் அவர் மறைந்தபோது தோள்கொடுக்கப் பிறர் இருந்தார்கள். ஒருவரோ இருவரோ மட்டும் தாங்கும் சிறு மென்பொருள் தொகுப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அரசின் ஆய்வு நிதி தொகையில் பெரியது; சக அறிஞர்களின் மதிப்பீட்டைக் கடந்து வருவது. பொதுப்பணத்துக்கு அந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனால் மதிப்பீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘இதில் புதிது என்ன?’ என்பது. பராமரிப்பாளர் வேறு வழியின்றிப் புதிய வசதிகளை வாக்களிக்கிறார். நிதிக்காலம் முடியும்போது நிரல் பெருத்திருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் கைகள் பழையபடி இரண்டாகவே இருக்கும். கடன் வாங்கி வீட்டை விரித்துக் கட்டிவிட்டு வெள்ளையடிக்கக் காசில்லாமல் நிற்பது போன்றது இது. முதல் கேள்வியிலேயே இந்த வழி தவறிவிடுகிறது.

அந்தக் கேள்விக்குச் சரியான விடை தந்தது, சேன் சக்கர்பெர்க் இனிஷியேட்டிவ் என்ற கொடை அமைப்பு 2019இல் தொடங்கிய திட்டம். பராமரிப்பு, ஆவணம், சமூக வளர்ச்சி ஆகியவற்றுக்கே பணம் என்று வெளிப்படையாக அறிவித்தது. முதல் சுற்றில் 32 நல்கைகளுக்கு 50 லட்சம் டாலர். ஒவ்வொன்றும் 50,000 முதல் 2,50,000 டாலர் வரை. இதன் குறை காலத்தில் இருந்தது. முதலில் ஓராண்டு, பின்னைய சுற்றுகளில் இரண்டாண்டு. அதற்குள் ஒருவரை வேலைக்கு எடுத்துப் பழக்கி முடிக்கும்போது பணம் தீர்ந்துவிடும். உயிர்மருத்துவ ஆய்வுக்குப் பயன்பட வேண்டும் என்ற வரம்பும் இருந்தது. கொடையாளரின் அக்கறைக்கு வெளியே நிற்கும் துறைகளுக்கு இதில் இடம் இருக்கவில்லை.

நம்ஃபோகஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு தன்னோடு இணைந்த திட்டங்களுக்குச் சில ஆயிரம் டாலர் அளவில் சிறு நல்கைகள் தருகிறது. விண்ணப்பம் எளிது, வேலை செய்கிறவர் கைக்கே பணம் சேர்கிறது. மூன்றாவது கேள்வியில் இதை மிஞ்ச வேறில்லை. ஆனால் ஒரு வேலையை முடிக்கப் போதுமான தொகையே தவிர, ஒரு ஆளை நிறுத்தி வைக்க அது போதாது.

நான்காவது வழி நிறுவனம் தொடங்குவது. சேஜ்மேத் என்ற கணித மென்பொருளைத் தொடங்கிய வில்லியம் ஸ்டைன், நிரந்தரப் பேராசிரியர் பணியை விட்டு அந்த வழியில் போனார். துணிவான முடிவு. ஆனால் விற்கத்தக்க சேவை ஒன்றைச் சுற்றி அமைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கே அது பொருந்தும். பறவைக் குரல்களைப் பிரித்தறியும் சிறு தொகுப்புக்குச் சந்தை எங்கே இருக்கிறது?

இரண்டு மறுப்புகளைத் தள்ளிவிட முடியாது. எல்லாத் தொகுப்பும் வாழ வேண்டியதில்லை என்பது உண்மைதான். எத்தனை ஆய்வுகள் அதை நம்பியிருக்கின்றன, அதற்கு மாற்று உண்டா என்று பார்த்தே தர வேண்டும். ஒருவருக்குக் கூலி கிடைத்தால் கூலியில்லாத மற்றவர் மனம் சோர்வார் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு மருந்து, பணத்தை எப்படிப் பகிர்வது என்பதைச் சமூகமே கூடி வெளிப்படையாக முடிவு செய்வது. பணத்தை மறுப்பது மருந்தாகாது.

என் தீர்ப்பு இது: சிறு திட்டங்களுக்குத் தொகையின் பெருமையைவிடத் தொடர்ச்சியே முக்கியம். ஓராண்டுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதைவிட, ஆண்டுக்கு 20,000 வீதம் ஐந்தாண்டு தருவது மேல். அதைக் கொண்டு ஒரு முழுநேர ஊழியரை வைக்க முடியாது. ஆனால் அனுபவமுள்ள ஒரு பராமரிப்பாளரின் வாரத்தில் ஒரு நாளை உறுதி செய்யலாம். சிறு தொகுப்புக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அந்த ஒரு நாள்தான். 2024இல் இந்தியாவின் ஜெரோதா நிறுவனம் கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது. அறிவியலுக்கென்று ஒதுக்கியதல்ல என்றாலும், ‘ஆண்டுதோறும்’ என்ற சொல்லுக்காகவே அதை வரவேற்கிறேன்.

கொடையாளரை மட்டும் நம்பியிருந்தால் அவர் மனம் மாறும் நாளில் எல்லாம் நின்றுவிடும். பயன்படுத்துகிறவர்களே பங்கு தர வேண்டும். ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் பேராசிரியர்களே, கருவிக்கும் பயணத்துக்கும் தொகை குறிக்கும் அந்தப் பட்டியலில், நீங்கள் நாள்தோறும் இயக்கும் மென்பொருளின் பராமரிப்புக்கும் ஒரு வரி சேருங்கள். நிதி தரும் நிறுவனங்களே, அந்த வரியை வெட்டாதீர்கள்.