முதற் கோப்பையும் நம் கதைகளும்

லிந்துலைத் தோட்டத்து இளைஞன் முதன்முதலாக எதைக் குடிக்கிறான்? கள்ளையா, சாராயத்தையா, கசிப்பையா? இதனை அவனது சொந்த விருப்பத்தின்பாற்பட்ட தெரிவென்றே நம் மலையகக் கதைகள் பலவும் கருதிவிடுகின்றன. சம்பள நாளில் தந்தை தள்ளாடி வருவார், தாய் அழுவாள், இறுதியில் ஓர் ஆசிரியர் மதுவிலக்கைப் போதிப்பார். கண்ணீர் மெய்யே, காரணந்தான் காணோம்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதைத் தடுத்தது. ஆயின் கசிப்பு விற்பவன் வயதும் கேளான், உரிமமும் அறியான். வரியும் சேர்ந்த போத்தலுக்கு விலை கொடுக்க இயலாதவனுக்கு மலிவே தெரிவாகிறது. பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர், 2021இல்தான் நாட்கூலி 1000 ரூபாவை எட்டியது. கவ்வாத்துக் கத்தியோடு குளிரில் நின்றவனுக்குக் கோப்பையை நீட்டும் கை தனியொருவனுடையதன்று.

குடிப்பவனைக் குற்றமற்றவனாக்க நாம் சொல்லவில்லை. அவன் மனைவி பறித்த கொழுந்தின் கூலியும் அங்கேதான் கரைகிறது, அடிபடுபவளும் அவளே. அதை மறைக்கும் அனுதாபமும் பொய்யே. நாம் வேண்டுவது ஒன்று: நம் மாணவன் முதற் கோப்பையைத் தொடும் அந்த மாலையை, லயத்து ஒற்றையறையோடும் சம்பளச் சீட்டோடும் சேர்த்து எழுதுங்கள். போதனை தானே பிறக்கும்.